பலேர்மோவையும் பாடம் நடத்துங்கள்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உலக வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,



சிலுவைப் போர் பாடத்துக்கு வரும்போது நீங்கள் கரும்பலகையில் தவறாமல் எழுதும் ஆண்டுகள் மூன்று. 1095: கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் உர்பன் போருக்கு அழைப்பு விடுத்தார். 1099: எருசலேமைப் பிடித்த படை, உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது. 1187: ஹத்தீன் போரில் வென்ற ஸலாஹுத்தீன் அந்நகரை மீட்டார். மூன்றும் உண்மை, மூன்றையும் மாணவர்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். ஆனால் இவற்றோடு பாடம் முடிந்துவிட்டால், கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இருநூறு ஆண்டுகள் போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் சந்திக்கவில்லை என்ற நினைப்போடு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். ஒரே வகுப்பில் பாத்திமாவும் பிலோமினாவும் உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

போரை மறைத்துப் பேசுங்கள் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. அதே நூற்றாண்டுகளில், அதே மத்தியதரைக் கடலைச் சுற்றி, இவ்விரு சமயத்தாரும் ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதினார்கள், ஒரே கப்பலில் பயணம் போனார்கள், சில இடங்களில் ஒரே கூரையின் கீழ் வழிபட்டார்கள். அது எப்படி நடந்தது, எதனால் நடந்தது, பிறகு ஏன் உடைந்தது என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

உர்பனின் அழைப்புக்கு 19 ஆண்டுகள் முன்பு, 1076இல், திருத்தந்தை ஏழாம் கிரெகோரி வட ஆப்பிரிக்காவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இன்றைய அல்ஜீரியாவில் ஆட்சி செய்த ஹம்மாதிய மரபின் மன்னர் அந்நாசிருக்கு எழுதியது அது. தம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்காக செர்வாந்துஸ் என்ற குருவை ஆயராகத் திருநிலைப்படுத்தித் தரும்படி கேட்டிருந்தார் அந்த முஸ்லிம் மன்னர். கூடவே அன்பளிப்புகள் அனுப்பி, சிறைப்பட்டிருந்த கிறிஸ்தவர்களையும் விடுவித்திருந்தார். கிரெகோரியின் பதில் மரியாதையும் கனிவும் நிறைந்தது. வெவ்வேறு வழிகளில் என்றாலும் இருவரும் ஒரே கடவுளையே நம்பி அறிக்கையிடுகிறோம் என்று அதில் சொல்கிறார். ஆபிரகாமின் மடியில் அந்த மன்னருக்கு இடம் கிடைக்க மன்றாடுகிறார். இதே கிரெகோரி, இரண்டே ஆண்டுகள் முன்பு, துருக்கியருக்கு எதிராகக் கிழக்கே படை நடத்தத் திட்டமிட்டவர் என்பதையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்ல வேண்டும். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் பற்றிய பகுதியில் அடிக்குறிப்பாகக் காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடு இருந்தது.

கடிதம் ஒரு நாளில் எழுதி முடிவது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டுமானால் சிசிலித் தீவுக்குப் போக வேண்டும்.

அந்தத் தீவை முஸ்லிம்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டார்கள். 1061இல் தொடங்கி 1091 வரை நார்மானியர்கள் அதை ஊர் ஊராகப் பிடித்தார்கள். தலைநகர் பலேர்மோ 1072இல் வீழ்ந்தது. வென்றவர்களோ சிறு கூட்டம். அவர்கள் ஆள வேண்டியவர்கள் அரபு பேசும் முஸ்லிம்களும் கிரேக்கம் பேசும் கிறிஸ்தவர்களும். எந்த நிலம் யாருடையது, எந்தக் குடும்பம் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற விவரமெல்லாம் உள்ளூர்க் கணக்கர்களிடம் இருந்தது. அவர்களைத் துரத்தினால் ஆட்சியே நடக்காது. ஆகவே அவர்களை வைத்துக்கொண்டார்கள். 1130இல் பலேர்மோவில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் இன்னும் ஒருபடி மேலே போய், எகிப்தின் பாத்திமிய அரசைப் பார்த்துத் தம் திவானை, அதாவது அரசு நிர்வாக அலுவலகத்தை, அமைத்தார். அரசு ஆவணங்கள் அரபு, கிரேக்கம், இலத்தீன் என மூன்று மொழிகளிலும் வெளிவந்தன. முன்பு முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் கட்டிய ஜிஸ்யா வரியை இப்போது முஸ்லிம்கள் கிறிஸ்தவ மன்னருக்குக் கட்டினார்கள். பதிலுக்குப் பள்ளிவாசலும் தொழுகையும் அவர்களுக்கு இருந்தன; தங்கள் வழக்குகளைத் தங்கள் காஜியிடமே தீர்த்துக்கொண்டார்கள்.

இதைச் சமத்துவம் என்று சொல்லிவிடக் கூடாது. ஒருவர் ஆள்பவர், இன்னொருவர் வரி கட்டி வாழ உரிமை பெற்றவர். அந்தக் காலத்துச் சகிப்பு பெரும்பாலும் இப்படி ஓர் ஏற்பாடாகத்தான் இருந்தது. நிர்வாகமோ வணிகமோ படைபலமோ அதைத் தேவையாக்கியது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் மனிதர்கள் நெருங்கிப் பழகியபோது, ஏற்பாடு எதிர்பாராதவையெல்லாம் நடந்தன. பலேர்மோவில் அதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள் இருக்கின்றன.

வியன்னாவில், பழைய பேரரசர்களின் கருவூலத்தில், சிவப்புப் பட்டில் பொன்னிழையும் முத்தும் பதித்த ஒரு மேலங்கி இருக்கிறது. ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம் அதில் இருபுறமும் பின்னப்பட்டிருக்கிறது. விளிம்பு நெடுக கூஃபி எழுத்தில் அரபு வாசகம். பலேர்மோ அரசப் பட்டறையில் ஹிஜ்ரி 528இல், அதாவது 1133-34இல், செய்தது என்று அதுவே சொல்கிறது. கத்தோலிக்க மன்னர் ரோஜருக்காக நெய்த அந்த உடையைப் பிற்காலத்தில் புனித ரோமானியப் பேரரசர்கள் தங்கள் முடிசூட்டு விழாவில் அணிந்தார்கள். ரோஜரின் அரண்மனைச் சிற்றாலயம் இன்றும் பலேர்மோவில் நிற்கிறது. சுவர்களில் பைசாந்திய முறைக் கண்ணாடிக்கல் ஓவியங்களாகக் கிறிஸ்துவும் புனிதர்களும்; அண்ணாந்து பார்த்தால் தேன்கூட்டு அடுக்குகளாக இஸ்லாமியக் கலையின் மரக்கூரை, அதில் அரபு எழுத்தில் வாழ்த்துச் சொற்கள். திருப்பலி நிறைவேற்றப்படும் ஆலயத்துக்குள் அந்தக் கூரையை அமைக்க ஒரு மன்னர் விரும்பினார் என்பதே வகுப்பில் ஒரு மணி நேரம் பேசத்தக்க செய்தி.

ரோஜரின் அவையில் இருந்த முஸ்லிம் அறிஞர் அல்-இத்ரீசியை உங்களில் பலர் அறிவீர்கள். மன்னரும் அவரும் பல ஆண்டுகள், துறைமுகத்துக்கு வந்த பயணிகளையும் வணிகர்களையும் விசாரித்துத் தகவல் திரட்டினார்கள். அதன் பயனாக 70 பகுதிப் படங்களோடு ஓர் உலகப் புவியியல் நூல் 1154 ஜனவரியில் முடிந்தது. அடுத்த மாதமே ரோஜர் இறந்தார். அந்த நூலில் சரந்தீபும், அதாவது இலங்கையும், வருகிறது. அத்தீவின் மன்னருக்கு 16 அமைச்சர்கள், அவர்களில் நால்வர் அவருடைய சமயத்தார், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம், நால்வர் யூதர் என்று எழுதுகிறார் அல்-இத்ரீசி. அவர் இலங்கையைப் பார்த்தவர் இல்லை. செய்தி அப்படியே மெய்யாக இருந்திருக்கும் என்று கொள்ளவும் முடியாது. ஆனால் தொலைதூரத் தீவைப் பற்றிக் காதில் விழுந்த எத்தனையோ செய்திகளில் இதை ஒரு முஸ்லிம் அறிஞர் ஒரு கத்தோலிக்க மன்னருக்காகக் குறித்து வைத்தார். அந்த அரசவையில் எது கவனத்துக்குரியதாக இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அரசவைகளை விட்டுச் சற்றுக் கீழே இறங்கினால் ஒரு கல்லறைக் கல் கிடைக்கும். கிரிசாந்துஸ் என்ற குரு, மன்னரின் பணியில் இருந்தவர், தம் தாய் அன்னாவுக்காக 1149இல் அதை நிறுத்தினார். இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகியவற்றோடு எபிரேய எழுத்தில் எழுதிய அரபும் அதில் உண்டு. நான்கு வாசகங்களும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கையே பின்பற்றுகின்றன. அரபு வாசகத்தில் இருப்பது ஹிஜ்ரி ஆண்டு. தாயைப் பறிகொடுத்த மகன், ஊரில் யார் அந்த வழியாக நடந்தாலும் அவள் பெயரைப் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பலேர்மோவின் சீசா அரண்மனை அருங்காட்சியகத்தில் அக்கல் இருக்கிறது.

இந்த நகரத்தை வெளியிலிருந்து வந்து பார்த்துச் சாட்சி சொன்னவர் இப்னு ஜுபைர். கிரனாடாவில் ஆளுநரின் செயலராக இருந்தவர், 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகும்போதும் திரும்பும்போதும் அவர் ஏறியது ஜெனோவா நகரத்துக் கிறிஸ்தவர்களின் கப்பல். 1184இல் அக்கா துறைமுகத்திலிருந்து திரும்பியபோது, எருசலேம் யாத்திரை முடித்த கிறிஸ்தவர்கள் 2,000 பேருக்கு மேல் அதே கப்பலில் இருந்தார்கள் என்று எழுதுகிறார். நடுக்கடலில் அனைத்துப் புனிதர் பெருவிழா வந்தது. சிறியவர் பெரியவர் எல்லோரும் மெழுகுதிரி ஏந்த, கப்பல் முழுவதும் ஒளிமயமானதை அந்த ஹாஜியார் வியந்து விவரிக்கிறார்.

அந்தக் கப்பல் டிசம்பரில் மெசினா கரையருகே உடைந்தது. கரை சேர்க்கப் படகோட்டிகள் கூலி கேட்டார்கள். கையில் காசில்லாத முஸ்லிம்கள் உடைந்த கப்பலிலேயே தவித்தார்கள். கடற்படை வேலைகளைப் பார்வையிட மெசினாவுக்கு வந்திருந்த மன்னர் இரண்டாம் வில்லியம், ரோஜரின் பேரன், விவரம் கேட்டறிந்து தம் பணத்திலிருந்து நூறு காசு கொடுத்து அவர்களைக் கரைசேர்த்தார். இந்த வில்லியம் அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர், இறைவனைப் புகழும் அரபு வாசகத்தைத் தம் முத்திரை வாசகமாகக் கொண்டவர், தம் சமையற்கட்டையே ஒரு முஸ்லிமின் பொறுப்பில் விட்டவர் என்றெல்லாம் இப்னு ஜுபைர் குறிப்பிடுகிறார். அவர் கேள்விப்பட்ட இன்னொரு செய்தி: ஒருமுறை நிலநடுக்கம் வந்தபோது அரண்மனைப் பணியாளர்கள் அல்லாஹ்வையும் நபியையும் அழைத்துக் கதறினார்கள். மன்னர் வருவதைக் கண்டு அவர்கள் திகைக்க, அவரவர் தாம் வணங்கும் இறைவனை அழைக்கட்டும் என்று சொல்லி வில்லியம் அவர்களைத் தேற்றினாராம். பலேர்மோவில் கிறிஸ்துமஸ் நாளன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணி பூசிக் கோயிலுக்குப் போனதையும் அவர் நேரில் கண்டார்.

அவருடைய அதே பயண நூலில் வேதனையும் இருக்கிறது. அரண்மனை முஸ்லிம்களில் பலர் தங்கள் நம்பிக்கையை மறைத்து வாழ்ந்தார்கள். மதம் மாற நெருக்கடி இருந்தது. தீவின் முஸ்லிம்களுக்கு எதிர்காலம் இல்லை என்று அஞ்சிய குடும்பங்களை அவர் சந்தித்தார். இந்தப் பக்கங்களையும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சிசிலிக்கு வருமுன் இப்னு ஜுபைர் சிலுவைப் போரின் நடுமேடையிலேயே சில வாரங்கள் இருந்தார். ஸலாஹுத்தீன் கெராக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த அதே சமயத்தில், டமாஸ்கஸிலிருந்து அக்காவுக்கு முஸ்லிம் வணிகர் கூட்டம் தடையின்றிப் போய்வந்ததைக் கண்டு அவர் வியந்தார். படைவீரர்கள் போரிடுகிறார்கள், குடிமக்கள் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. அக்கா சுங்கச் சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபு பேசினார்கள், அரபியிலேயே எழுதினார்கள். திப்னீன் அருகே பிராங்கியர் (மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்) ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம் விவசாயிகள், அறுவடையில் பாதியும் ஆளுக்கு ஒரு தீனார் ஐந்து கீராத்தும் கொடுத்துவிட்டு, வீடு வாசலோடு நிம்மதியாக இருந்தார்கள். தம் சமயத்தாரின் ஆட்சியில் வாழ்ந்த விவசாயிகள் அதைவிடத் துன்பப்பட்டதை அவர் மனம் கசந்து எழுதுகிறார். பிராங்கியரைச் சபிக்காமல் அவரால் ஒரு பக்கமும் எழுத முடியாது. அப்படிப்பட்டவர் தரும் சாட்சியம் என்பதால் இதற்கு எடை அதிகம். அக்காவிலேயே மாட்டு ஊற்று என்ற இடத்துப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் ஒருபுறமும் கிறிஸ்தவர்கள் ஒருபுறமும் வழிபட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

உசாமா இப்னு முன்கித் சொல்லும் நிகழ்ச்சி இன்னும் சுவையானது. சிரியாவின் ஷைஸர் கோட்டைக் குடும்பத்தில் 1095இல் பிறந்த வீரர் அவர். டமாஸ்கஸ் அரசுக்காக எருசலேம் போய்வருவார். அக்ஸா வளாகம் அப்போது டெம்பிளர் படைத்துறவிகளின் கையில் இருந்தது. அங்கே போனால், தம் நண்பர்களான டெம்பிளர்கள் சிறு தொழுமிடம் ஒன்றைக் காலி செய்து தருவார்கள் என்கிறார். ஒருநாள் அவர் தொழுதுகொண்டிருக்க, ஒரு பிராங்கியர் பாய்ந்து வந்து, இப்படித்தான் வழிபட வேண்டும் என்று அவர் முகத்தைக் கிழக்கே திருப்பினார். டெம்பிளர்கள் அந்த ஆளை இழுத்துப்போக, அவர் மீண்டும் வந்து அதையே செய்தார். டெம்பிளர்கள் மறுபடியும் அவரை அப்புறப்படுத்திவிட்டு உசாமாவிடம் வருத்தம் தெரிவித்தார்கள்: இவர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர், கிப்லா நோக்கித் தொழும் யாரையும் பார்த்ததில்லை. முஸ்லிம்களோடு போரிடுவதையே கடமையாகக் கொண்ட டெம்பிளர்கள் இவர்கள். சில ஆண்டுகள் பக்கத்திலிருந்து பழகியது, ஊரிலிருந்து வந்த அன்று இருந்தவர்களாக அவர்களை விட்டுவைக்கவில்லை.

ஸ்பெயினின் தோலேதோவைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1085இல் கத்தோலிக்கர் கைக்கு வந்த அந்த நகரில் கிரெமோனா ஜெரார்டு எழுபதுக்கும் மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றான இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்திருந்தன. புனித தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் படிக்கும்போது இப்னு ருஷ்தின் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தார். ஒத்துப்போகாத இடத்தில் கடுமையாகவே வாதிட்டார்.

இனி மடல் திரும்ப வேண்டியது ஒரு குடும்பத்தின் பக்கம். மூன்றாம் சிலுவைப் போரில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு, 1191 ஆகஸ்டில், அக்காவில் பிடிபட்ட சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளைக் கொல்லச் செய்தார். அடுத்த சில வாரங்களிலேயே ஸலாஹுத்தீனின் தம்பி அல்-ஆதிலோடு அவர் சமாதானம் பேசினார். ரிச்சர்டின் தங்கை ஜோனை அல்-ஆதில் மணந்து, இருவரும் எருசலேமிலிருந்து ஆளட்டும் என்ற யோசனைகூட எழுந்தது. சிசிலி மன்னர் வில்லியமின் விதவைதான் அந்த ஜோன். அவர் மறுத்தார், திருமணம் நடக்கவில்லை. ஆயினும் 1192 உடன்படிக்கை கிறிஸ்தவ யாத்திரிகர்களுக்கு எருசலேம் வழியைத் திறந்தது.

அந்த அல்-ஆதிலின் மகன் அல்-காமில். எகிப்தின் சுல்தானான அவரிடம்தான், 1219இல், தமியாத்தா முற்றுகையின் இடையே, அசிசி நகர் பிரான்சிஸ் ஆயுதமில்லாமல் ஒரே ஒரு தோழரோடு நடந்து போனார். தீயில் இறங்கிக் காட்டுகிறேன் என்று பிரான்சிஸ் சவால் விட்ட கதை, பல பத்தாண்டுகள் கழித்துப் புனித பொனவெந்தூரா எழுதியது. அப்போதே எகிப்தில் இருந்த அக்கா ஆயர் விட்ரி ஜாக் 1220இல் எழுதிய கடிதம் எளிமையானது: பிரான்சிஸ் சில நாட்கள் போதித்தார், பெரிய பலன் இல்லை, சுல்தான் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி தனியே கேட்டுக்கொண்டார். மதம் மாற்றப் போனவர் மாற்றாமல் திரும்பினார். எதிரி முகாமுக்குள் வந்தவரைச் சுல்தான் பத்திரமாக அனுப்பினார். 1221இல் பிரான்சிஸ் தம் சபைக்கு எழுதிய ஒழுங்கில், முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர்கள் வாக்குவாதம் செய்யாமல், எல்லோருக்கும் பணிந்து வாழ்வதை ஒரு வழியாக வகுத்தார். அதே ஆண்டு நைல் வெள்ளத்தில் சிக்கிச் சரணடைந்த சிலுவைப் படை பட்டினியில் வாடியபோது, அல்-காமில் அவர்களுக்கு உணவு கொடுத்தார். அந்தப் படையிலிருந்த குரு, பாடர்போர்ன் ஒலிவர், தாங்கள் யாருடைய உறவினரைக் கொன்றோமோ அவர்களே தங்களுக்குச் சோறிட்டதாக நன்றியோடு எழுதினார்.

ரோஜரின் மகள் வயிற்றுப் பேரன், பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், வளர்ந்தது பலேர்மோவில். அவரும் அல்-காமிலும் தூதர்கள் வழியே அரசியலோடு அறிவியல் கேள்விகளையும் பரிமாறிக்கொண்டார்கள். 1229 பிப்ரவரி 18 அன்று, இரு தரப்பும் வாளை உருவாமல், எருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறிஸ்தவர் வசம் வந்தன. அக்ஸாவும் பாறைக் குவிமாடமும் முஸ்லிம்களிடமே இருந்தன. எருசலேம் வந்த பேரரசரின் மனம் புண்படக்கூடாது என்று காஜியார் அன்றிரவு பாங்கு சொல்ல வேண்டாமென மோதினாரைத் தடுத்தார். காலையில் பிரெடெரிக் அதைக் குறையாகச் சொன்னார்: பாங்கு கேட்கத்தான் அவர் இரவு அங்கே தங்கினாராம். வரலாற்றாசிரியர் இப்னு வாஸில் எழுதிவைத்த செய்தி இது. இந்தச் சமாதானத்துக்கு இரு பக்கமும் வசைதான் கிடைத்தது. டமாஸ்கஸில் துக்கப் பேருரை நடந்தது. எருசலேம் மறைமுதுவர் நகரத்தின் மீதே திருவழிபாட்டுத் தடை விதித்தார். பிரெடெரிக் ஏற்கெனவே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்.

இதே பிரெடெரிக்தான் சிசிலியில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்தெடுத்து, இத்தாலியின் லூசேரா நகரில் குடியமர்த்தினார். 1161இலேயே பலேர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1189இல் வில்லியம் வாரிசின்றி இறந்தபின் மீண்டும் தாக்குதல், பலர் மலைகளுக்கு ஓடினார்கள். லூசேராவில் அவர்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது, காஜி இருந்தார், பேரரசரின் வில்வீரர்களாக வேலையும் இருந்தது. 1300 ஆகஸ்டில், நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்ல்ஸ் அந்த நகரைக் கலைத்தார். மக்களை அடிமைகளாக விற்றார்கள். கடனில் இருந்த அரசருக்குப் பணம் சேர்ந்தது. அரசனின் தேவையை நம்பி நின்ற ஏற்பாடு, தேவை மாறியதும் ஒரே மாதத்தில் அழிந்தது. பலேர்மோவின் கூரையை வியக்கும் மாணவர், லூசேராவையும் அறிய வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பழம்பெருமைக் கதையாகிவிடும், மற்றதை மட்டும் சொன்னால் வெறுப்புக்குத் தீனியாகிவிடும்.

இதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை, இரண்டு வகுப்பு நேரம் போதும். முதல் வகுப்பில் உசாமாவின் தொழுகை நிகழ்ச்சியைச் சொல்லி, புதிதாக வந்த பிராங்கியரும் பழகிய டெம்பிளர்களும் ஏன் வேறுவேறாக நடந்துகொண்டார்கள் என்று மாணவர்களையே கேளுங்கள். இரண்டாவது வகுப்பில் 1229 உடன்படிக்கையை எடுத்து, மாணவர்களில் ஒரு பாதியைப் பிரெடெரிக் பக்கமும் மறுபாதியை அல்-காமில் பக்கமும் உட்காரவைத்து, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட முடியாது என்று பேசவிடுங்கள். பாத்திமாவைப் பிரெடெரிக் பக்கம் உட்காரவையுங்கள், பிலோமினாவை அல்-காமில் பக்கம்.